நாலாவது படியில் ஒரு வரி

'ஐந்து நிமிடத்தில் நத்தை' என்ற இணையப் பக்கத்தை எழுதியது நான்தான். போன மாதம் வரை இதைச் சொல்லும்போது என் தோள் தானாக ஒரு அங்குலம் உயரும்.

நத்தை ஒரு கணினி மொழி. உலகம் முழுவதும் வலைவீசித் தேடினாலும் அதில் எழுதுகிறவர்கள் நானூறு பேருக்கு மேல் தேற மாட்டார்கள். லிஃப்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சின்னப் பச்சைப் பலகை இருக்கும். எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்று தீர்மானிப்பது அதுதான். அந்தப் பலகைக்காகவே எங்கள் கம்பெனி உருவாக்கிய மொழி இது. மெதுவாகப் போனாலும் தடம் மாறாது என்று பெருமையாக வைத்த பெயர். நாங்கள் பதினாலு பேர், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் உட்கார்ந்து அதைக் கட்டி மேய்க்கிறோம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் எல்லாரும் இதை வைத்து ஒரே நகைச்சுவையைச் சொல்வார்கள். நாங்களும் முதல்முறை கேட்பதுபோல் சிரித்து வைப்போம்.

நத்தையில் எழுத வேண்டுமென்றால் அதற்கான கருவிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எழுதுவதற்கு ஒரு எடிட்டர். எழுதியதைப் பலகைக்குப் புரியும்படி மாற்றித் தர ஒரு கம்பைலர். கதவு, மோட்டார், பொத்தான் எல்லாவற்றுக்கும் நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்த துணுக்குகள் அடங்கிய லைப்ரரி. கடைசியாக, திரையிலேயே ஒரு பொம்மை லிஃப்டை ஓட்டிப் பார்க்க இன்னொரு கருவி. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த வரிசையில் ஏற்றுவது என்று ஆறு படிகளாக அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். முதல் வாக்கியம், 'இதைவிட எளிதாக ஒன்று இருக்க முடியாது.'

பக்கத்தைப் படித்தும் சந்தேகம் வருகிறவர்கள் எங்கள் இணைய மன்றத்தில் கேட்பார்கள். பதில் சொல்வதும் நான்தான். ஒரே கேள்வியை ஒன்பது பேர் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் எனக்கு மிளகாய் என்று பெயர் இருப்பது தெரியும். அதையும் பட்டம் கிடைத்த மாதிரிதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எங்களிடம் ஒரு இடம் காலியானது. என் ஓர்ப்படி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, கல்யாணத்துக்கு முன் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள். இரண்டு பிள்ளைகளை ஆளாக்குவதில் ஏழு வருடம் ஓடிவிட்டது. விண்ணப்பம் போடு என்று அவளைத் தூண்டிவிட்டதே நான்தான். எங்கள் முறை சுலபமானது. கருவிகளை நீங்களே ஏற்றிக்கொண்டு, இரண்டு மாடிக்கு ஒரு லிஃப்ட் புரோகிராம் எழுதி, இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அவளிடம் லேப்டாப் இல்லை. என் மகள் விளையாடிக் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தேன். மகள் ஏழு வயதில் அதற்கு வைத்த பயனர் பெயர் 'குண்டுப்பூனை'. அதை மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், ராசியான பூனையாக இருக்கலாம் என்று சிரித்தாள். அடுத்த நாள் போனபோது அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு மூன்று எடிட்டர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். எது பழைய கம்ப்யூட்டரில் திணறாது, எது இணையம் இல்லாதபோதும் ஓடும், எதில் தப்பு எந்த வரியில் என்று காட்டும், எல்லாம் எழுதியிருந்தாள். மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாய் என்று கிண்டல் செய்தேன். என் கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான்காம் நாள் எனக்கு ஃபோன் செய்தாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். மூன்று படி ஒழுங்காகப் போனது, நாலாவது படியில் 'லைப்ரரி கிடைக்கவில்லை' என்று சிவப்பாக ஒரு வரி வருகிறது என்றாள். பக்கத்தை ஒழுங்காகப் படித்தாயா என்று கேட்டேன். மூன்று தடவை படித்தேன் என்றாள். அப்படியானால் நாலாவது தடவை படி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றி என்னிடம் கேட்கவில்லை. இரண்டு வாரம் முடிந்ததும், எனக்குச் சரிப்படவில்லை அக்கா, விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருக்கும்போது, பாவம், நாலாவது படியிலேயே தடுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். கொழுந்தன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்கு 'நாலாம்படி' என்று பெயர். நாலாம்படி, தண்ணீர் கொண்டு வா. நாலாம்படி, சாவி எங்கே. அவளும் சிரித்துக்கொண்டே கொண்டுவருவாள். கொஞ்ச நாளில் ஒரு மேஜை நாற்காலிக் கடையில், ஃபோனில் வரும் புகார்களைக் குறித்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். வீட்டில் பொத்தான் வைத்த எந்தச் சாமான் மக்கர் செய்தாலும், எனக்கு இதெல்லாம் வராது என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். தன் அளவு தெரிந்த பெண் என்று நான் மனசுக்குள் பாராட்டியிருக்கிறேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அந்த இடத்துக்கு ஒன்பது பேர் முயன்று ஒரே ஒருவர்தான் முடித்து அனுப்பினார். தடித்த கண்ணாடி போட்டவர், இப்போது எனக்குப் பக்கத்து இருக்கை. பார்த்தீர்களா, என் பக்கமே ஒரு சல்லடை என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் முழங்கையே தட்டிவிட்டதில், ஒரு கோப்பை டீ முழுவதும் என் லேப்டாப்புக்குள் இறங்கியது. நாலு வருடம் உழைத்த லேப்டாப். இரண்டு தடவை இருமியதுபோல் சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. மேனேஜர் அலமாரியிலிருந்து புத்தம்புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, யாருடைய டிஸ்க்கையாவது அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் ஆபீஸில் அதுதான் வழக்கம். காப்பி எதற்கு, ஐந்து நிமிஷ வேலை, பக்கத்தைப் பார்த்தே ஏற்றிவிடுகிறேன் என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். அவர் வேடிக்கையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் மூன்று படிகள் வழுக்கிக்கொண்டு போயின. நாலாவது படியில் சிவப்பாக ஒரு வரி வந்தது. லைப்ரரி கிடைக்கவில்லை.

கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே இடத்தில் நின்றது. லேப்டாப்பைத் திட்டினேன், அதைத் தயாரித்தவர்களைத் திட்டினேன், டீயைத் திட்டினேன். பதினோரு மணிக்கு மேனேஜர் அந்தப் பக்கம் வந்து முடிந்ததா என்று கேட்டபோது, முதலில் முழுசாக சார்ஜ் ஏறட்டும் என்று பார்க்கிறேன் என்றேன். யாராவது நடந்துவரும் சத்தம் கேட்டால் திரையைப் பாதி மூடினேன். மதியம் சாப்பிடப் போகவில்லை. யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் என் பக்கத்தைப் பற்றி யாரிடம் போய் என்ன என்று கேட்பது?

கடைசியில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தேன். அந்தச் சிவப்பு வரியை அப்படியே எடுத்து மன்றத்தில் தேடினேன். ஒரே ஒரு கேள்வி கிடைத்தது. போன வருடம் 'மஞ்சள்குடை' என்ற புனைபெயரில் யாரோ கேட்டது. அதற்குக் கீழே, எல்லார் கண்ணிலும் படும்படி ஊசி குத்தி நிறுத்திவைத்த ஒரு பதில் இருந்தது. அது நான் எழுதியது.

'பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்ல பழக்கம். நாலாவது படியில் விழுகிறவர்கள் லிஃப்டுக்கு புரோகிராம் எழுதாமல் இருப்பது, அதில் ஏறப்போகிறவர்களுக்கும் நல்லது.' முப்பத்தேழு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். ஊசி குத்தி நிறுத்தியதும் நான்தான்.

மேலே இருந்த கேள்வியை அப்போதுதான் முதல்முறையாக முழுதாகப் படித்தேன். எந்த லேப்டாப், எந்தப் பதிப்பு, எந்த எடிட்டரை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன், என்ன அடித்தேன், என்ன வந்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. முடிவில் இப்படி ஒரு சந்தேகம். 'லைப்ரரி தனி ஃபோல்டரில் இறங்குகிறது. அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை. ஒருவேளை அது விடுபட்டிருக்குமோ? நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும்.'

 இரண்டு வருடத்துக்கு முன் லைப்ரரியைத் தனி ஃபோல்டருக்கு மாற்றியவள் நான். அன்று மத்தியானமே என் லேப்டாப்பில் அந்த ஒரு வரியைக் கையால் எழுதிவிட்டேன். வேலை செய்தது, டீ குடிக்கப் போய்விட்டேன். பக்கத்தில் சேர்க்கவே இல்லை. ஆபீஸில் இருந்த எல்லா லேப்டாப்பும் என்னுடையதன் காப்பி. வெளியே இருந்த பழைய ஆட்கள் பழைய பதிப்பையே வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் மட்டும்தான் விழுந்தார்கள், விழுந்தவர்கள் சத்தம் காட்டாமல் எழுந்து போய்விட்டார்கள்.

பக்கத்து இருக்கைக்காரரிடம், நீங்கள் எப்படி நாலாவது படியைத் தாண்டினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அவர் டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ணிக் குடுத்தார் மேடம். அது தப்பா?"

தப்பில்லை என்றேன். அந்த ஒரு வரியை எழுதினேன். சிவப்பு போய்விட்டது. மஞ்சள்குடை யாரோ, கெட்டிக்கார ஆள், இந்நேரம் வேறு எங்காவது நல்ல வேலையில் இருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு அந்தக் கேள்வியோடு இணைத்திருந்த படத்தைத் திறந்தேன். கேட்டவருடைய திரையைப் படமெடுத்துப் போட்டது. போன வருடம் அதைத் திறந்து பார்க்கக்கூட நான் மெனக்கெடவில்லை. சிவப்பு வரிக்கு மேலே, ஃபோல்டர் பெயருக்கு முன்னால், பயனர் பெயர் இருந்தது. குண்டுப்பூனை.

தேதியைப் பார்த்தேன். அவள் எனக்கு ஃபோன் செய்ததற்கு மறுநாள். அக்கா என்று கேட்டு விரட்டப்பட்டவள், முகத்தை மறைத்துக்கொண்டு யாரோ மாதிரி வந்து கேட்டிருக்கிறாள். அங்கேயும் வாசலில் நான்தான் நின்றிருந்தேன். என் காது மடல் இரண்டும் கொதித்தன. வெட்கம் என்றால் இதுதான் என்று நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடக் கேவலம். விட்டுப்போன வரியைப் பக்கத்தில் சேர்த்தேன். எதையாவது மாற்றினால், என்ன மாற்றினோம், ஏன் என்று கீழே ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். அது எங்கள் தொழிலின் ஒழுக்கம். எழுதாதவர்களை நானே கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். நான் எழுதிய குறிப்பு, 'சிறு எழுத்துப்பிழை திருத்தம்.' பிறகு என் பழைய பதிலிலிருந்து ஊசியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் முடிந்ததா என்று மேனேஜர் கேட்டபோது, புது லேப்டாப்பில் ஏதோ கோளாறு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தன் வீட்டில் சாப்பாடு. தனியாக அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சமையலறையில், மெதுவாக, நடுவில் ஒரு ஜோக்கும் வைத்து. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சாப்பிடும்போது மேஜை விசிறி நின்றுவிட்டது. என்னவென்று பார்க்கச் சொல்லி அதை அவள் பக்கம் நகர்த்தப் போனேன். நாலாம்படியிடம் கொடுத்தால் வீட்டுக்கே கரண்ட் போய்விடும் அண்ணி என்றான் கொழுந்தன். என் கணவர் சிரித்தார். என் வாயும் பழக்கதோஷத்தில் சிரித்தது. அவள் மட்டும் அன்று சிரிக்கவில்லை.

சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் இருந்த ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பக்கத்துல ஏதாவது மாறினா மெயில் வர்ற மாதிரி அப்பவே போட்டு வெச்சேன். யாராவது கவனிச்சுச் சரி பண்ணுவாங்கன்னு. ஒரு வருஷமா ஒண்ணும் வரலை. செவ்வாய்க்கிழமை வந்துது."

நான் சேர்த்த வரி பச்சை நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே என் குறிப்பு.

"எழுத்துப்பிழையா அக்கா?"

குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது. அந்த மஞ்சள்குடை நீதான் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று உளறினேன்.

"வேற யாராவதா இருந்தா பரவாயில்லையா?"

 அவள் ஒரு தட்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததை மறுபடி துடைத்தாள்.

"பத்து நாள் அதோட முட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். ஒரு வரி விட்டுப்போனதுதான் காரணம்னு தோணிச்சு, அதை எப்படி எழுதணும்னுதான் தெரியலை. ஆனா நீங்க அப்படி எழுதினதும், ஏழு வருஷத்துல என் மூளை மழுங்கிப்போச்சுன்னு நானே நம்பிட்டேன். இப்ப பசங்க கணக்கு கேட்டாக்கூட அப்பாகிட்ட போன்னு அனுப்பிடறேன்."

மன்னித்துவிடு, தெரியாமல் நடந்தது என்றேன்.

"வரி விட்டுப்போனது தெரியாம நடந்தது. இது தெரிஞ்சே எழுதினது." ஃபோனில் என் குறிப்பின் மேல் விரலை வைத்தாள்.

நான் கூடத்துக்கு வந்தேன். அண்ணனும் தம்பியும் இன்னும் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"இனிமே அவளை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நாலாவது படியில தப்பு பண்ணினது நான். ஒரு வரியை எழுத மறந்துட்டேன். அவ அதைச் சரியாக் கண்டுபிடிச்சுக் கேட்டா. நான் அவளை ஊருக்கு முன்னாடி கேவலப்படுத்தினேன்."

அப்படியானால் நாலாம்படி நீங்கள்தானா அண்ணி என்று கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. என் கணவர் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் திரும்பி, சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

அவள் உள்ளே போய் பீரோவின் மேலிருந்து ஒரு துணிப்பையை இறக்கி வந்தாள். பழைய லேப்டாப்பும் அந்த நோட்டும் உள்ளே இருந்தன. தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேஜையிலேயே உட்கார்ந்தாள். நாலாவது படி அப்படியே நின்றிருந்தது. அந்த ஒரு வரியை ஃபோனைப் பார்க்காமலேயே அடித்தாள். சிவப்பு வரவில்லை. ஐந்தாவது படி, ஆறாவது படி. பிறகு ஒரு ஃபைலைத் திறந்தாள். கடைசியாகச் சேமித்த தேதி, போன வருடம், கெடுவின் கடைசி நாள். ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்க வழியில்லாமல், முழு புரோகிராமையும் மனசிலேயே ஓட்டி எழுதி முடித்திருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள். திரையில் பொம்மை லிஃப்ட் மேலே போனது, நின்றது, கதவைத் திறந்து மூடிக்கொண்டு கீழே வந்தது. இரண்டு மாடியிலும் ஒரே நேரத்தில் அழைத்தாள், தடுமாறவில்லை. கதவு மூடும்போது குறுக்கே கை வருவதுபோல் செய்தாள். உடனே திறந்துகொண்டது. கண்ணாடிக்காரர் அனுப்பியதில் அது கிடையாது. அவருக்கு அதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

எவ்வளவு நேரம் ஆனது என்று கொழுந்தன் மெல்லக் கேட்டான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம். அக்கா எழுதினது சரிதான்."

அவள் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். நாளைக்கே இதை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன், இடம் இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

"அதை நானே அனுப்பிக்கறேன். நீங்க மொதல்ல அந்த எழுத்துப்பிழையைத் திருத்துங்க."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

எழுதிய குறிப்பை அழிக்க முடியாது. அதற்குக் கீழே புதிதாக ஒன்றைச் சேர்க்கத்தான் முடியும். 'இதைவிட எளிதாக ஒன்று இருக்க முடியாது' என்ற முதல் வாக்கியத்தைப் பக்கத்திலிருந்து நீக்கினேன். குறிப்பில் எழுதினேன். 'முந்தைய திருத்தம் எழுத்துப்பிழை அல்ல. இரண்டு வருடமாக நாலாவது படியில் ஒரு வரி இல்லை. விட்டவள் நான். போன வருடம் மஞ்சள்குடை அதைச் சரியாகச் சுட்டிக்காட்டினார். நான் அவருடைய கேள்வியைப் படிக்காமலே அவரை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தினேன். இந்த வாரம் என்னாலேயே அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை. அவருடைய கேள்வியைப் பார்த்துத்தான் தாண்டினேன். அதையும் மறைத்தேன்.' அனுப்பினேன். பதினாலு பேரும் படிப்பார்கள், அந்த நானூறு பேரும் படிப்பார்கள்.

அவள் ஃபோனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. போய் எடுத்து, நின்றபடியே கடைசி வரை படித்தாள். பிறகு அதைத் தன் கணவன் கையில் கொடுத்தாள்.

"சத்தமாப் படிங்க," என்றாள்.

அவன் படித்தான். நான் எச்சில் தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு, அவன் முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.